அப்போது இங்கே ஒரு தறி இருக்கும்

போன வருஷம் அப்பாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். காலில் ஆறாத புண். மருத்துவர் சின்ன வயசுக்காரர், வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆங்கிலத்தில்தான் பேச்சு. சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். "ஹி யூஸ்ட் டு டேக் மெட்ஃபார்மின், டுவைஸ் எ டே" என்றேன். அன்று காலையில்கூட அப்பா இட்லி சாப்பிட்டு, அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வென் டிட் ஹி ஸ்டாப்?" எப்போது நிறுத்தினார்?

எனக்குக் கேள்வியே புரியவில்லை. யாரும் எதையும் நிறுத்தவில்லையே. அப்பா என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா கேக்கறாரு?" என்றார். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். பாதி தீர்ந்துபோன அட்டை. அதைப் பார்த்ததும் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, கீழே வேறு வரி எழுதினார். அந்த அடித்த கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அட்டை பையில் இல்லாமல் போயிருந்தால்? நான் தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு முழுக்க அந்த ஒரு வரிதான் ஓடியது.

தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் படித்தபோது நோட்டில் எழுதிக்கொண்ட அர்த்தத்திலிருந்து வந்தது. 'யூஸ்ட் டு' என்றால் 'வழக்கம்' என்று எழுதிக் கீழே கோடு போட்டு வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தோம். ஆனால் தமிழில் வழக்கம் என்பது முடிந்துபோன விஷயமே இல்லை. "அப்பா ரெண்டு வேளை மாத்திரை போடுவது வழக்கம்" என்றால் நேற்றும் போட்டார், இன்றும் போட்டார், நாளைக்கும் போடுவார். ஆங்கிலத்தின் 'யூஸ்ட் டு' அப்படி இல்லை. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பதையும் சேர்த்தே அது சொல்லிவிடும். அந்தச் சொல்லுக்கு நிகழ்கால வடிவமும் கிடையாது. சில நூறு வருஷங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'யூஸ் டு' என்று நிகழ்காலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். அது வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் தங்கிவிட்டது. இப்போதைய பழக்கத்தைச் சொல்ல வெறும் 'டேக்ஸ்' போதும். வேண்டுமானால் 'யூஷுவலி' சேர்த்துக்கொள்ளலாம். தென்னாட்டில் ஆங்கிலம் பேசுகிற நாம், "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்று இன்றைய பழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நமக்குள் பேசும்போது பிரச்சினை வருவதில்லை, எதிரில் இருப்பவரும் அப்படியே புரிந்துகொள்கிறார். வெளியாள் ஒருவர் வந்து உட்காரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கம். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. வானம் தெளிவாக இருக்கும் நாளில் நகரி மலையின் மூக்கு போன்ற முனை தெரியும். நெசவு ஊர். இப்போது எல்லாம் விசைத்தறி, பொழுது விடிந்தால் அந்தச் சத்தம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டு முன்கட்டில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், எட்டாவது முதல் பத்தாவது வரை. பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. தெருவுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் ரெண்டும் வரும். சண்டை தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும்.

மருத்துவமனைக்குப் போய் வந்த அந்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தாத்தா பாட்டி காலத்தில் உங்கள் வீடு எப்படி இருந்தது, பத்து வரி, ஆங்கிலத்தில். எல்லோர் வீட்டிலும் அப்போது கைத்தறி இருந்தது, அதனால் எல்லோரும் தறியைப் பற்றித்தான் எழுதினார்கள். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், இப்படி எழுதியிருந்தான்: "இன் தோஸ் டேஸ் அவர் ஹவுஸ் வுட் ஹாவ் எ லூம்." அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், எழுதியது: "வீ யூஸ்ட் டு ஹாவ் எ லூம் இன் அவர் ஹவுஸ்."

ரெண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே புத்தகம். அவள் சரியாக எழுதிவிட்டாள், அவன் தவறிவிட்டான். முதலில் அவள் நன்றாகப் படிக்கிறவள், அதனால் என்று நினைத்தேன். மற்ற நோட்டுகளையும் புரட்டினேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் பல பேர் 'வுட்' போட்டிருந்தார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் 'யூஸ்ட் டு'. நோட்டுகளைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பையன் எழுதியதைத் தமிழாக்கிச் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் காலத்துல எங்க வீட்ல ஒரு தறி இருக்கும்." இதில் எந்தத் தப்பும் இல்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். "அப்போதெல்லாம் தெருமுனையில் ஒரு கிணறு இருக்கும்." "சின்ன வயசில் சனிக்கிழமையானால் மாமா வருவார்." இந்த 'வருவார்' எந்தக் காலம்? இலக்கணப் புத்தகம் எதிர்காலம் என்று சொல்லும். "நாளைக்கு மாமா வருவார்" என்பதிலும் அதே 'வருவார்'தான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்கிறோம், நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாராவாரம் நடந்ததையும் சொல்கிறோம். 'அப்போதெல்லாம்', 'சின்ன வயசில்' என்று முன்னால் ஒரு சொல் நின்று காலத்தைக் காட்டுகிறது. எதிர்காலம் என்று பெயர் வைத்ததால், அந்தச் சொல்லின் இன்னொரு பாதி நம் கண்ணில் படாமலே போய்விட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதே வழியில் வந்திருப்பது. 'வுட்' என்பது 'வில்'லின் இறந்தகாலம். வரப்போவதைச் சொல்லும் அதே குடும்பத்துச் சொல், முன்பு திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்லவும் வந்து நிற்கிறது. "மை அங்கிள் வுட் கம் ஆன் சாட்டர்டேஸ்." மாமா சனிக்கிழமைகளில் வருவார். வருவார், வுட் கம். உறவே இல்லாத ரெண்டு மொழிகள், மாமா வந்ததைச் சொல்ல ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, 'வுட்' என்றால் பயப்படுகிற பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்கு வேறு பெயர், அவ்வளவுதான்.

அப்படியானால் பையன் ஏன் தவறினான்? ரெண்டு மொழிகளும் ஓர் இடத்தில் பிரிந்துவிடுகின்றன. தமிழில் 'வருவார்' என்கிற செயலுக்கும் 'இருக்கும்' என்கிற நிலைக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தின் 'வுட்' செயலுக்கு மட்டும்தான். வந்தார், நெய்தார், பாடினார், அடித்தார், இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததற்கு அது ஒத்துவரும். வீட்டில் தறி இருந்தது, புத்தூரில் குடியிருந்தோம், அவருக்குத் தெலுங்கு தெரியும், அவருக்கு வெல்லம் பிடிக்கும் என்று சும்மா தங்கி நின்ற நிலைகளுக்கு வராது. "அவர் ஹவுஸ் வுட் ஹாவ் எ லூம்" என்று கேட்கும் ஆங்கிலக்காரர், 'என்ன நடந்திருந்தால்?' என்றுதான் காத்திருப்பார். காசு இருந்தால் தறி இருக்கும் என்பதுபோல ஒரு நிபந்தனை வரப்போகிறது என்று நினைப்பார். நிலைக்கு 'யூஸ்ட் டு' வேண்டும், அல்லது வெறும் 'ஹேட்'.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலையே வந்து வந்து போவதாக இருந்தால் 'வுட் பி' சொல்லலாம். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், இழை அறுந்தால் தாத்தா கோபமாக இருப்பார், ஒவ்வொரு தடவையும். "ஹி வுட் பி ஆங்க்ரி." இது சரி. கோபம் அங்கேயே குடியிருக்கவில்லை, இழை அறுந்தபோதெல்லாம் வந்து போனது. தறி அப்படி இல்லை, அது நாற்பது வருஷம் ஒரே மூலையில் நின்றது.

சரி, தெலுங்குப் பிள்ளைகள் எப்படித் தப்பித்தார்கள்? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "இதை வீட்ல எப்படிம்மா சொல்லுவீங்க?" யோசிக்காமல் சொன்னாள்: "மா இண்ட்லோ மக்கம் உண்டேதி, அக்கா."

உண்டேதி. எத்தனை தடவை இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்! எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசுவதுதானே. ஆனால் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. தெலுங்கில் 'உந்தி' என்றால் இருக்கிறது, 'உண்டுந்தி' என்றால் இருக்கும். 'உண்டேதி' என்றால் முன்பு இருந்தது, இப்போது இல்லை. 'சேஸ்தாடு' செய்வான், 'சேசேவாடு' முன்பெல்லாம் செய்வான். பழைய வழக்கத்துக்கென்றே தனி வடிவம் வைத்திருக்கிறார்கள். ஆண் என்றால் 'நேசேவாடு', நெய்துகொண்டிருந்தவர். பெண் என்றால் 'செப்பேதி', கதை சொல்லிக்கொண்டிருந்தவள். பல பேர் என்றால் 'வெள்ளேவாள்ளு', போய்க்கொண்டிருந்தவர்கள். செயலுக்கும் அதே வடிவம், நிலைக்கும் அதே வடிவம். 'யூஸ்ட் டு' எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இது போகிறது. அந்தப் பெண் இலக்கணம் எதுவும் யோசிக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரு பாத்திரத்தை எடுத்து அப்படியே ஆங்கிலத்துக்குள் வைத்தாள், பொருந்திவிட்டது.

அன்றைக்குக் கரும்பலகையில் மூன்று வரி எழுதினேன். மேலே தெலுங்கு, நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். தமிழ்ப் பிள்ளைகளிடம் சொன்னேன், "வாயில 'இருக்கும்', 'வருவாங்க'ன்னு வந்தா, உடனே அதைத் தெலுங்குல சொல்லிப் பாருங்க. உண்டேதி, வச்சேவாடுன்னு வந்துச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு யூஸ்ட் டு போடுங்க." அந்த வாரத்திலேயே பெரும்பாலான தப்புகள் போய்விட்டன. நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் தமிழ் பேசினாலும் அபராதம், தெலுங்கு பேசினாலும் அபராதம். ஒரு சொல்லுக்கு ஐம்பது பைசா. கையில் ரெண்டு சாவியை வைத்துக்கொண்டு பூட்டைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எல்லை ஊர்ப் பிள்ளைக்கு இரண்டு மொழி என்பது சுமை இல்லை. இலக்கணம் சொல்லித்தரும் ஒவ்வொருவரும் அந்த இரண்டையும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'யூஸ்ட் டு' வந்துவிட்டது என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. பத்து வரியிலும் 'யூஸ்ட் டு'. அவ்வா (பாட்டி) எழுந்திருப்பதற்கு ஒன்று, அடுப்பு மூட்டுவதற்கு ஒன்று, குறுக்கு நூலைத் தாராகச் சுற்றுவதற்கு ஒன்று. படிக்கும்போது கல்லில் கால் இடறி இடறி நடப்பதுபோல இருந்தது. ஆங்கிலத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் வழக்கமாக முதல் வரியில் மட்டும் 'யூஸ்ட் டு' வைப்பார்கள். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது, அது முடிந்துபோன காலம் என்பது அந்த ஒரு வரியிலேயே நிலைத்துவிடும். அதற்குப் பிறகு 'வுட்' தாராளமாக வரலாம். இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் நம் மொழி கதை சொல்வதே இப்படித்தான்.

அந்தப் பெண்ணும் அந்தப் பையனும் சேர்ந்து திருத்தி எழுதியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும். எங்கள் தெருவில் எல்லோரும் கைத்தறி நெய்துகொண்டிருந்தார்கள், இது 'யூஸ்ட் டு'. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தோய்த்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் தேய்த்துவிடுவார்கள். அவ்வா ராட்டையில் தார் சுற்றுவாள். இந்த மூன்றும் 'வுட்'. தெருவில் பாவு இருக்கும்போது யாராவது சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள், இதுவும் 'வுட்'. கடைசி வரியைப் பையன் சாதாரண இறந்தகாலத்தில் எழுதினான்: ஒரு நாள் மழை வந்து பாவு முழுக்க நனைந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நடந்தது, அதனால் 'யூஸ்ட் டு'வும் இல்லை, 'வுட்'டும் இல்லை, 'கேம்', 'காட் வெட்'. நான் சொல்லாமலே அவன் அதை மாற்றியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவனுக்குத் தெரியாது.

எத்தனை வருஷம், எத்தனை தடவை என்று எண்ணிக்கை வந்துவிட்டாலும் சாதாரண இறந்தகாலம்தான். இதற்கு எங்கள் எல்லையே நல்ல பாடம். பள்ளிப்பட்டும் திருத்தணியும் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர் செய்த சமரசம், எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் ஆயின. அதே 1960இல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது சத்யவேடு. அது செங்கல்பட்டிலிருந்து சித்தூருக்குப் போய், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. அப்போது, "திருத்தணி யூஸ்ட் டு பி இன் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்." சரி. "சத்யவேடு யூஸ்ட் டு பி இன் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்." இதுவும் சரி. ஆனால் 62 வருஷம் என்று சொல்ல வந்தால், "சத்யவேடு வாஸ் இன் சித்தூர் டிஸ்ட்ரிக்ட் ஃபார் 62 இயர்ஸ்." அங்கே 'யூஸ்ட் டு' வைக்கக் கூடாது. எண்ணிக்கை வந்துவிட்டால் கால அளவு முடிந்துபோயிற்று என்று அதுவே சொல்லிவிடுகிறது. 'வுட்' இந்த மூன்றில் எதிலும் வராது, ஊர் ஒரு மாவட்டத்தில் இருப்பது செயல் இல்லை.

சின்ன விஷயங்கள் சில. எதிர்மறையிலும் கேள்வியிலும் 'டிட்' வந்துவிட்டால் எழுத்தில் 'டி' போய்விடும், 'டிட் யூ யூஸ் டு' என்று எழுத வேண்டும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. உச்சரிப்பில் 'யூஸ்ட் டு'வின் ஸ் மெல்லிய காற்றாகப் போக வேண்டும். கத்தியைப் பயன்படுத்தினேன் என்கிற 'யூஸ்ட்' வேறு, அதில் அந்த எழுத்து தேனீபோல அதிரும்.

'ஐ ஆம் யூஸ்ட் டு' என்பதோ முற்றிலும் வேறு வீட்டுப் பிள்ளை. பழகிப்போச்சு என்று அர்த்தம், தெலுங்கில் அலவாட்டு. விசைத்தறிச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "வீ ஆர் யூஸ்ட் டு தி நாய்ஸ்." சத்தம் இன்னும் இருக்கிறது, நாமும் இருக்கிறோம், பழகிவிட்டது. அதற்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் 'ஹியர்' போதாது, 'ஹியரிங்' என்று நீட்ட வேண்டும். முன்னால் 'ஆம்', 'ஆர்', 'வாஸ்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தப் பையன் மறுபடியும் ஒரு சந்தேகத்தோடு வந்தான். கைத்தறி நெய்கிறவர் கால் வைத்து மிதிக்க, தறிக்குக் கீழே தரையில் ஒரு குழி இருக்கும். அவன் வீட்டில் தறியை விற்ற பிறகு அந்தக் குழியில் மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். இப்போது அதன்மேல் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் கறுப்பாக இருக்குமாம்.

"குழியைப் பத்தி எழுதணும்க்கா. யூஸ்ட் டு போடலாமா?"

"இப்ப இல்லல்ல, போடலாமே."

"ஆனா தட்டினா டொக்குன்னு சத்தம் வருதுக்கா. மண்ணு உள்ள இறங்கிடுச்சாம். அப்ப குழி இருக்கா, இல்லையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் வீட்டுக்கே போனோம். அவன் அம்மா ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். நானும் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சுற்றிலும் தட்டினால் சத்தமே இல்லை. அந்தக் கறுத்த இடத்தில் மட்டும் டொக் டொக் என்று கேட்டது. அவன் தாத்தா கட்டிலிலிருந்து, "அங்கதான் வலது கால் வைப்பேன்" என்றார்.

பையன் அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினான். முதல் வரி: "தேர் யூஸ்ட் டு பி எ லூம் ஹியர்." ரெண்டாவது வரிக்குப் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்: "தி பிட் இஸ் ஸ்டில் அண்டர் தி ஃப்ளோர்."